சோர்ஸ் மேப் தப்பு வரியைக் காட்டுகிறதா? கம்பைலர் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜாவாஸ்கிரிப்டாக மாறும் ஒரு சின்ன டெம்ப்ளேட் மொழியின் கம்பைலரை (ஒரு மொழியில் எழுதியதை இன்னொன்றாக மாற்றித் தரும் நிரலை) சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். "கம்பைல் ஆகவில்லை" என்று வரும் புகார்களைவிட, "பிழை ஒரு இடத்தில், காட்டுவது வேறு இடத்தில்" என்று வரும் புகார்களே அதிகம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து சலித்துப்போய் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்கள்தான். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்றுக்கொள்ளும். கீழே ஒரு கேள்வியில் அந்தத் தமிழ்ப் பெயர்களே பிரச்சினையாகவும் வரும்.

சோர்ஸ் மேப் என்பது என்ன?

கம்பைலர் வெளியே தள்ளிய கோப்பின் ஒவ்வொரு இடமும் நீங்கள் எழுதிய மூலக் கோப்பில் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அட்டவணை. பார்க்கப்போனால் ஒரு ஜேசன் கோப்புதான். அதில் பதிப்பு எண் 3, மூலக் கோப்புகளின் பட்டியல், வேண்டுமானால் அவற்றின் முழு உள்ளடக்கம், பெயர்ப் பட்டியல் எல்லாம் இருக்கும். கடைசியாக, எண்களை எழுத்துகளாகச் சுருக்கி வைத்த ஒரு நீளமான சரம். தொல்லை முழுவதும் அந்தச் சரத்தில்தான்.

கூகுளின் குளோஷர் கம்பைலரை ஒட்டி 2009 வாக்கில் பிறந்த யோசனை இது. 2011-ல் கூகுளின் ஜான் லென்ஸும் மொசில்லாவின் நிக் ஃபிட்ஸ்ஜெரால்டும் முன்வைத்த மூன்றாம் பதிப்பே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகள் அது இணையத்தில் கிடந்த ஒரு பகிர்வு ஆவணம் மட்டுமே. 2024 டிசம்பரில்தான் எக்மா-426 என்ற முறையான தரநிலை ஆனது. அதுவரை ஆளாளுக்குத் தங்களுக்குப் புரிந்தபடி எழுதிக்கொண்டார்கள். இன்று நாம் பார்க்கும் குழப்பத்தில் பாதிக்கு அதுவே காரணம்.

அந்தச் சரத்தை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு அரைப்புள்ளியிலும் வெளியீட்டின் ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும். ஒரு வரிக்குள் இருக்கும் துண்டுகளைக் காற்புள்ளி பிரிக்கும். ஒரு துண்டில் 1, 4 அல்லது 5 எண்கள் இருக்கலாம். வரிசையாகச் சொன்னால்: வெளியீட்டில் எந்த நெடுவரிசை, எந்த மூலக் கோப்பு, அதில் எந்த வரி, எந்த நெடுவரிசை, பெயர்ப் பட்டியலில் எத்தனையாவது பெயர். எல்லாமே பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும்.

இவற்றில் எந்த எண்ணும் அப்படியே எழுதப்படுவதில்லை. முன்பு எழுதிய மதிப்பிலிருந்து எவ்வளவு மாறியது என்ற வித்தியாசம் மட்டுமே எழுதப்படும். வெளியீட்டு நெடுவரிசை மட்டும் ஒவ்வொரு புது வரியிலும் பூஜ்யத்துக்குத் திரும்பும். மற்ற நான்கும் கோப்பு முடியும்வரை கூட்டிக்கொண்டே போகும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு கதைக்குத் தேவைப்படும்.

18 என்ற எண்ணைச் சுருக்கிப் பார்ப்போம். ஒரு பிட் இடப்பக்கம் தள்ளினால் 36. கடைசி பிட் குறிக்கானது; 0 என்றால் கூட்டல், 1 என்றால் கழித்தல். 36-ன் கீழ் ஐந்து பிட்டில் இருப்பது 4. மிச்சம் இருக்கிறது என்று அறிவிக்க அதோடு 32 சேர்த்தால் மறுபடியும் 36. எண்களுக்கு எழுத்து கொடுக்கும் பேஸ்64 அட்டவணையில் அது சின்ன 'கே'. மிச்சமுள்ள 1, பெரிய 'பி'. ஆக, 18-க்கு இரண்டு எழுத்து. -15 முதல் 15 வரை ஒரே எழுத்தில் முடிந்துவிடும். அடுத்தடுத்த டோக்கன்களின் (பெயர், எண், குறி போன்ற சிறு அலகுகளின்) இடைவெளி பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுவதால்தான் வித்தியாசத்தை எழுதுவது லாபம்.

ஒரு இடத்துக்கு மேப்பில் துண்டு இல்லையென்றால் டிபக்கர் என்ன செய்யும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

டிபக்கர் (நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பிழை தேட உதவும் கருவி) "தெரியவில்லை" என்று சொல்லாது. கேட்ட இடத்தில் தொடங்கும் துண்டு இருந்தால் அதை எடுக்கும். இல்லையென்றால் அதற்கு முன்னால் உள்ள கடைசித் துண்டை எடுக்கும். அதாவது ஒரு துண்டு, அடுத்த துண்டு வரும்வரை வலப்பக்கமாகப் பரவிக் கிடக்கும். சில கருவிகள் வரியின் எல்லையைக்கூட மதிப்பதில்லை. முந்தைய வரியின் கடைசித் துண்டையே இழுத்து வந்துவிடும்.

ஆகவே நீங்கள் எழுதாமல் விட்ட இடம் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டு முகவரியை ஒட்டிக்கொண்டு நிற்கும். கம்பைலர் தானாகச் சேர்த்த உதவிச் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றில் பிழை வந்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத, சற்று முன்னால் அச்சான பயனரின் வரி மாட்டிக்கொள்ளும்.

ஒரே ஒரு எண் உள்ள துண்டு இருப்பதே இதற்காகத்தான். "இந்த நெடுவரிசையிலிருந்து மூலத்தில் எதுவும் இல்லை" என்று அது பரவலை வெட்டிவிடும். பல கம்பைலர்கள் இதை எழுதுவதே இல்லை. எங்களுடையதும் முதல் இரண்டு ஆண்டுகள் எழுதவில்லை. துல்லியத்தைக் கூட்ட வேண்டும் என்று வருபவர்கள் இன்னும் நிறையத் துண்டுகள் சேர்ப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட அதிகப் பலன் தந்தது, பொய்யாகப் பரவிய துண்டுகளை வெட்டியதுதான். தப்பான வரியைக் காட்டினால் ஒருவருடைய அரை நாள் போகும். வரியே இல்லை என்றால் அவர் வெளியீட்டுக் கோப்பைத் திறந்து பார்த்துக்கொள்வார்.

மேப் தவறு என்று தெரிகிறது. எங்கே தேடுவது?

தவறு எந்த மாதிரி என்று முதலில் பாருங்கள். கோப்பு முழுவதும் ஒரே அளவில் ஒன்றிரண்டு வரி தள்ளியிருந்தால், யாரோ தலையில் எதையோ சேர்த்திருக்கிறார்கள். உரிமக் குறிப்பாக இருக்கலாம், ஸ்ட்ரிக்ட் அறிவிப்பாக இருக்கலாம். இதற்கு மருந்து எளிது: தலையில் எத்தனை வரி சேர்த்தீர்களோ அத்தனை அரைப்புள்ளிகளை மேப் சரத்தின் முன்னால் போட்டால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம். சரியாக ஒரே ஒரு வரி தள்ளியிருந்தால், பூஜ்யத்திலிருந்து எண்ணுவதா ஒன்றிலிருந்து எண்ணுவதா என்ற பழைய சண்டையாகவும் இருக்கலாம். மொசில்லாவின் சோர்ஸ்-மேப் நூலகம் வரியை 1-லிருந்தும் நெடுவரிசையை 0-லிருந்தும் எண்ணும். குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8-ன் பிழைத் தடம் (பிழை எந்த அழைப்புகள் வழியாக வந்தது என்ற பட்டியல்) இரண்டையுமே 1-லிருந்து எண்ணும். மேப்புக்குள் இரண்டுமே 0. இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு முறையாவது தடுக்கி விழாதவரை நான் பார்த்ததில்லை.

வரி சரி, வரிக்குள் இடம் மட்டும் தவறு என்றால், சங்கிலியில் எங்கோ நெடுவரிசைகளைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கோப்புகளைத் தொகுக்கும் கருவியான வெப்பேக்கில் 'சீப்' என்று தொடங்கும் அமைப்புகள் அதைத்தான் செய்கின்றன. தமிழோ எமோஜியோ உள்ள வரிகளில் மட்டும் தவறு என்றால், அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. கோப்பின் மேல்பகுதி சரியாக இருந்து கீழே போகப்போக விலகினால், அடுத்த கேள்வி.

மேலே சரி, கீழே போகப்போகத் தவறு. ஏன்?

இது எனக்கே நடந்தது. பில் போடும் திரைக்கான டெம்ப்ளேட் ஒன்றில், பூஜ்யத்தால் வகுத்த பிழை ஒரு காலி வரியைக் காட்டியது. அதற்கு மூன்று வரி கீழே பார்த்தால் உண்மையான இடம். அதே கோப்பின் அடிப்பகுதியில் இன்னொரு பிழை, அது ஒன்பது வரி தள்ளி. முதல் நாற்பது வரிகளில் எந்தத் தவறும் இல்லை.

காரணம், நானே பெருமையாகச் சேர்த்த ஒரு சிக்கனம். வெளியீட்டின் ஒரே நெடுவரிசையில் இரண்டு துண்டுகள் தொடங்கினால் இரண்டாவதை எழுத வேண்டாம் என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். வெளிச் சுற்று 41-ம் வரியில் தொடங்கும், உள்ளே இருப்பது 44-ல் தொடங்கும். நடுவில் இருந்த குறிப்புகள் வெளியீட்டில் மறைந்துவிடுவதால் இரண்டும் ஒரே இடத்தில் அச்சாகும். இரண்டாவதை எழுதாமல் விட்டேன், சரி. ஆனால் விடுவதற்கு முன்பே "கடைசியாகப் பார்த்த மூல வரி" என்ற மாறியை 44 ஆக மாற்றியிருந்தேன். படிப்பவருக்குக் கடைசி வரி 41, எழுதுபவருக்கு 44. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு மூல வரி எண்ணும் மூன்று குறைவாகவே விழுந்தது. அதே நிலை கோப்பில் இன்னும் இரண்டு இடங்களில் வந்ததும் விலகல் ஒன்பதாகிவிட்டது.

நிபந்தனையை இரண்டு வரி மேலே நகர்த்தினால் சரியாகிவிடும். நான் அதோடு விடவில்லை. அச்சிடும்போதே வித்தியாசம் கணக்கிடுவதை நிறுத்திவிட்டு, துண்டுகளை முழு மதிப்புகளோடு ஒரு பட்டியலில் சேர்க்கிறேன். வரிசைப்படுத்துவது, இரட்டிப்பை நீக்குவது எல்லாம் அந்தப் பட்டியலில். கடைசியில் ஒரே ஒரு செயற்கூறு அதைச் சுருக்குகிறது. 'கடைசியாக எழுதியது' என்ற நினைவு அந்த ஒரு செயற்கூறுக்குள் மட்டும் இருக்கிறது. நினைவகம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், போகட்டும்.

தமிழ் எழுத்து உள்ள வரியில் மட்டும் நெடுவரிசை தப்புகிறதே?

இந்த வரியைப் பாருங்கள்:

காட்டு("வணக்கம்", பில்.தொகை);

இதில் 'பில்' எந்த நெடுவரிசையில் தொடங்குகிறது? கண்ணால் எழுத்துகளை எண்ணினால் 13. ஜாவாஸ்கிரிப்ட் சரங்களை எண்ணும் யூடிஎஃப்-16 அலகுகளில் எண்ணினால் 18, ஏனென்றால் 'காட்டு' என்பது ஆறு குறிகள், 'வணக்கம்' ஏழு. துணைக்கால், உகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். யூடிஎஃப்-8 பைட்டுகளில் எண்ணினால் 44. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் கோப்புகளுக்கு மேப்பில் இருக்க வேண்டியது 18. ரஸ்ட் மொழியிலோ கோ (Go) மொழியிலோ எழுதிய கம்பைலரில் சரங்கள் பைட்டுகளாகவே இருப்பதால், கவனிக்காமல் விட்டால் 44 போய்விடும். அந்த வரியின் மொத்த நீளமே 29 அலகுதான். டிபக்கர் வரிக்கு வெளியே எங்கோ வெற்றிடத்தைச் சுட்டும். ஆங்கிலக் கோப்புகளை மட்டும் வைத்துச் சோதித்தால் மூன்று எண்ணும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் இந்தப் பிழை வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். எமோஜிகள் பரவிய பிறகுதான் பல கருவிகளில் வெளியே வந்தது என்பது என் ஊகம். நமக்கோ முதல் நாளே தெரிந்திருக்கும்.

டோக்கனில் பைட் இடத்தையே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் வேகம். மேப் எழுதும்போது மட்டும் மாற்றுங்கள். வரியில் ஆஸ்கி தவிர வேறெதுவும் இல்லை என்றால் மாற்றவே தேவையில்லை. அதை வரிக்கு ஒரு முறை குறித்துக்கொண்டால் போதும். ஈஎஸ்பில்ட் என்ற தொகுப்புக் கருவி செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

இன்னொரு நுணுக்கம். 'தொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. உங்கள் லெக்ஸர் (மூலத்தை டோக்கன்களாக வெட்டும் பகுதி) கோப்பு முழுவதையும் யூனிகோட் இயல்பாக்கம் செய்துவிட்டு அதன் பிறகு இடங்களைக் குறித்தால், பயனரின் கோப்பில் இல்லாத ஒரு பிரதிக்கு மேப் எழுதுகிறீர்கள். இடத்தை முதலில் குறியுங்கள், இயல்பாக்கத்தைப் பெயரின் மதிப்புக்கு மட்டும் செய்யுங்கள். யூனிகோடின் 2028, 2029 எண் குறிகளையும் ஜாவாஸ்கிரிப்ட் வரி முறிவாகவே எண்ணும். உங்கள் வரி எண்ணி அதை எண்ணுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கம்பைலருக்குள் இடத் தகவல் எங்கே தொலைகிறது?

லெக்ஸரிலும், டோக்கன்களை மரமாக அடுக்கும் பார்சரிலும் அநேகமாகத் தொலையாது. மரத்தை மாற்றி எழுதும் கட்டங்களில்தான் தொலைகிறது. எங்கள் மொழியில் குழாய்க் குறி ஒன்று உண்டு:

விலை |> தள்ளுபடி |> அச்சிடு

இது இப்படி ஆகும்:

அச்சிடு(தள்ளுபடி(விலை))

வரிசையே தலைகீழாகிறது. முதலில் எழுதிய கம்பைலர், புதிதாகப் பிறந்த இரண்டு அழைப்பு முனைகளுக்கும் மொத்தக் கோவையின் தொடக்க இடத்தையே கொடுத்தது, அதாவது 'விலை'. தள்ளுபடிக்குள் பிழை வந்தாலும் பிழைத் தடம் 'விலை'யைக் காட்டும். விலையில் என்ன தவறு என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

இப்போது அழைப்பு முனையின் இடம், அழைக்கப்படும் பெயரின் இடம். மூல உரையில் இல்லாத அடைப்புக்குறிகளுக்கு ஒற்றை எண் துண்டு, அதாவது இடமில்லை. ஒத்திசையாச் செயற்கூறுகளை நிலை இயந்திரமாக மாற்றும்போதும் இதே கொள்கைதான்: பயனர் எழுதிய கூற்றுகளுக்கு அவற்றின் இடம், இயந்திரத்தின் சட்டகத்துக்கு எதுவும் இல்லை.

இதை ஒவ்வொரு கட்டத்திலும் ஞாபகம் வைத்துச் செய்யுங்கள் என்று சக ஊழியர்களிடம் சொல்லிப் பயனில்லை, நானே மறந்திருக்கிறேன். இடம் கொடுக்காமல் முனையை உருவாக்கவே முடியாதபடி கட்டமைப்பியை மாற்றினோம். இரண்டே தேர்வு: மூலத்தில் இன்ன இடம், அல்லது 'கம்பைலர் சேர்த்தது'. இயல்பு மதிப்பு கிடையாது. அந்த ஒரு மாற்றத்தை இணைத்த அன்று கம்பைலரே கம்பைல் ஆகவில்லை. தவறவிட்ட இடங்கள் அத்தனையும் பட்டியலாக வந்து நின்றன.

மரம் எல்லாம் இல்லை, சரத்தை வெட்டி ஒட்டித்தான் வெளியீடு தயாரிக்கிறேன். என்ன செய்வது?

ரிச் ஹாரிஸ் எழுதிய மேஜிக்-ஸ்ட்ரிங் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். வெட்டல், ஒட்டல்களை அதுவே கணக்கில் வைத்துக்கொள்ளும். இயல்பாக அது மாறாத பகுதிகளுக்குள் துல்லியம் குறைவாகவே எழுதும். 'ஹைரெஸ்' தேர்வைச் சொல் எல்லை அளவுக்கு வையுங்கள்.

ஒவ்வொரு டோக்கனுக்கும் துண்டு வேண்டுமா?

வேண்டாம். டிபக்கரும் எஞ்சினும் எந்த இடங்களைக் கேட்கும் என்று பார்த்து அங்கே வையுங்கள். ஒவ்வொரு கூற்றின் தொடக்கம் கட்டாயம். அழைப்பில் பெயர்; 'பில்.கணக்கிடு()' போன்றதில் வி8 சுட்டுவது 'கணக்கிடு' என்ற பண்பின் பெயரை, 'பில்'லை அல்ல. புதுப் பொருள் உருவாக்கும் இடம், பிழையை எறியும் இடம் இரண்டும் தேவை. செயற்கூறை மூடும் அடைப்புக்குறியைப் பலர் மறந்துவிடுவார்கள். குரோமில் அடியடியாக நகரும்போது செயற்கூறிலிருந்து வெளியேறும் முன் டிபக்கர் அங்கே ஒரு முறை நிற்கும். அதற்குத் துண்டு இல்லையென்றால் கடைசிக் கூற்றிலேயே இரண்டு முறை நிற்பதுபோல் தெரியும்.

பிரேக்பாயிண்ட் (டிபக்கர் நிற்க வேண்டிய வரியின் குறி) வைத்தால் வேறு வரிக்குத் தாவுகிறது. ஏன்?

பிழைத் தடம் வெளியீட்டிலிருந்து மூலத்துக்குப் போகிறது. பிரேக்பாயிண்ட் எதிர்த் திசையில், மூலத்திலிருந்து வெளியீட்டுக்கு. நீங்கள் சொடுக்கிய மூல வரிக்கு ஒரு துண்டுகூட இல்லையென்றால் டிபக்கர் அடுத்ததாகத் துண்டு உள்ள வரிக்கு வழுக்கிவிடும். ஒரே மூல வரி வெளியீட்டில் பல இடங்களில் வருவதும் உண்டு, இறுதிப் பகுதியை இரண்டு பாதைகளில் நகலெடுத்தால் அப்படி ஆகும். அதனால்தான் ஒரு திசையில் மட்டும் சோதித்த மேப் மறு திசையில் காலை வாரும்.

ஆப்டிமைசர் (நிரலை வேகமாக்க மாற்றி எழுதும் பகுதி) ஓடிய பிறகு துல்லியம் எதிர்பார்க்கலாமா?

ஓரளவுக்கு. இந்த விஷயத்தில் நேட்டிவ் (இயந்திர மொழிக்கே மாற்றும்) கம்பைலர் உலகம் நம்மைவிடப் பல ஆண்டுகள் முன்னால் இருக்கிறது, அங்கே கற்றுக்கொள்ள நிறைய உண்டு. எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பு தன் கட்டங்களை எழுதுபவர்களுக்கென்றே, டிபக் தகவலை எப்படிப் புதுப்பிப்பது என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஒரு நிபந்தனையின் இரண்டு கிளைகளிலும் இருந்த ஒரே கட்டளையை மேலே தூக்கி ஒன்றாக்கினால், அதற்கு எந்தக் கிளையின் வரியைக் கொடுப்பது? எதைக் கொடுத்தாலும் பொய். ஓடாத கிளைக்குள் நுழைந்ததுபோல் டிபக்கர் காட்டும். ஆகவே இரண்டு வரிகளும் வேறு என்றால் வரி 0 என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே டிபக் தகவலை எழுதும் டுவார்ஃப் வடிவத்தில் அதன் பொருள், இதற்கு மூலத்தில் இடமில்லை என்பது. நம் ஒற்றை எண் துண்டின் அண்ணன்.

ஒரு செயற்கூறை இன்னொன்றுக்குள் விரித்து எழுதுவதுதான் பெரிய சிக்கல். டுவார்ஃபில் 'இது இன்னாருக்குள் விரிக்கப்பட்டது' என்று பதிவு செய்ய இடமுண்டு. டிபக்கர் இல்லாத அழைப்பு அடுக்கை மீட்டுக் காட்டும். மூன்றாம் பதிப்பு சோர்ஸ் மேப்பில் அதற்கு இடமே இல்லை. இடம் சரியாக வரும், ஆனால் யார் அழைத்தார்கள் என்ற அடுக்கில் ஒரு படி காணாமல் போகும். இதையும் மாறிகளின் எல்லையையும் மேப்பில் சேர்க்கும் முன்மொழிவில் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையை வகுக்கும் டிசி39-ன் பணிக்குழு உழைத்து வருகிறது. அதுவரை, டிபக் பில்டில் விரிப்பதை நிறுத்தி வைப்பதே நேர்மையான வழி.

டைப்ஸ்கிரிப்ட், பேபல், டெர்ஸர் என்று மூன்று கருவிகள் வரிசையாக ஓடுகின்றன. மேப்பை எப்படி இணைப்பது?

கடைசி மேப்பின் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, அது சுட்டும் இடத்தை முந்தைய மேப்பில் தேடி, அங்கே கிடைத்ததை எழுத வேண்டும். இப்படியே முதல் கோப்புவரை. பேபலும் டெர்ஸரும் உள்ளே வரும் மேப்பை வாங்கிக்கொள்ளத் தேர்வு வைத்திருக்கின்றன. கொடுக்க மறப்பதுதான் வழக்கமான தவறு. ரோலப் என்ற தொகுப்புக் கருவியில் மேப் தராத செருகுநிரல் ஒன்று நடுவில் இருந்தால், மேப் தவறாக இருக்க வாய்ப்பு உண்டு என்று எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை மதியுங்கள். பலர் அதை அடக்கிவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

சங்கிலியில் ஒரே ஒரு கருவி வரி அளவில் மட்டும் மேப் தந்தாலும் மொத்தமும் அந்த அளவுக்கு இறங்கிவிடும், மற்ற கருவிகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும். எனவே முதலில் ஒவ்வொரு கட்டத்தின் மேப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். ஈஎஸ்பில்ட்டை எழுதிய ஈவான் வாலஸ் இதற்கென ஒரு காட்சிக் கருவி வைத்திருக்கிறார். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் வெளியீடு, சுட்டியை வைத்தால் இணை மின்னும். பத்து நிமிடம் அதில் உலாவினால் எந்தக் கட்டம் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

துல்லியத்தைத் தானியங்கியாகச் சோதிக்க முடியுமா?

முடியும், மூன்று வழிகளை வைத்திருக்கிறோம். வெளியீட்டு மேப்பை அப்படியே சேமித்து அடுத்த முறை ஒப்பிடுவது அதில் சேராது. ஏதாவது மாறினால் யாரும் படிக்க முடியாத ஒரு சரம் மாறும். 'புதியதை ஏற்றுக்கொள்' என்று அழுத்திவிட்டுப் போய்விடுவோம்.

முதல் வழி மலிவானது. வெளியீட்டில் ஒரு பெயர் தொடங்கும் இடத்தில் துண்டு இருந்தால், அது சுட்டும் மூல இடத்திலும் அதே பெயர் தொடங்க வேண்டும். இல்லையேல் துண்டின் ஐந்தாவது எண் சொல்லும் பெயராவது அங்கே இருக்க வேண்டும். உள்ள எல்லாச் சோதனைக் கோப்புகளிலும் இதை ஓட்டலாம், புதிதாக எதுவும் எழுத வேண்டாம். மேலே சொன்ன பைட் பிழையை இது ஒரே ஓட்டத்தில் பிடிக்கும், சோதனைக் கோப்புகளில் நான்கு தமிழ் வரி இருந்தால்.

இரண்டாவது, ஓட்டிப் பார்ப்பது. மூலத்தில் பிழை வர வேண்டிய இடத்தைக் குறிப்பாக எழுதி வைத்து, கம்பைல் செய்து, நோட்.ஜேஎஸ்-ல் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நிரல்) ஓட்டி, வரும் தடத்தை மேப் வழியாகத் திருப்பி, குறித்த இடத்தோடு ஒப்பிடுவது. மெதுவானதுதான், ஆனால் பயனர் பார்க்கப்போவதையே இது பார்க்கிறது. நோட் 12.12-லிருந்து மேப்பைத் தானே படிக்கும் கொடி இருக்கிறது என்றாலும், சோதனையில் நாங்களே திருப்பிக்கொள்கிறோம். இல்லாவிட்டால் எந்தப் பக்கம் தவறு என்று தெரியாது.

மூன்றாவதை எல்எல்விஎம்மிடமிருந்து கடன் வாங்கினோம். அங்கே 'டிபக்கிஃபை' என்று ஒரு கருவி உண்டு. ஒரு கட்டம் ஓடும் முன் ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனிப் போலி வரி எண் கொடுத்துவிடும். கட்டம் முடிந்ததும் எவை தொலைந்தன என்று எண்ணும். நாங்களும் மர முனைகளுக்குப் போலி இடங்கள் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக ஓட்டினோம். குழாய்க் குறிக் கட்டம்தான் முதல் குற்றவாளி என்று எதிர்பார்த்தோம். மாட்டியதோ, மாறிலிகளை முன்கூட்டியே கணக்கிடும் கட்டம். இரண்டு எண்களைக் கூட்டிப் புது எண் முனையை உருவாக்கும்போது அது பழைய இடத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை.

டிபக்கரில் மாறிகள் ஓரெழுத்துப் பெயர்களாகவே தெரிகின்றன.

சுருக்கும் கருவி பெயரை மாற்றும்போது துண்டில் ஐந்தாவது எண்ணையும் எழுத வேண்டும். எழுதினாலும் அது அந்த ஓர் இடத்தின் பெயரை மட்டுமே சொல்லும். மாறி எந்த எல்லைக்குள் வாழ்கிறது என்று சொல்லாது, மிச்சத்தை டிபக்கர் ஊகித்துக்கொள்கிறது. சில சமயம் தப்பாகவே.

மேப் கோப்பு பெரிதாகிவிட்டது. துல்லியத்தைக் குறைக்கலாமா?

முதலில் எது பெரிது என்று பாருங்கள். அநேகமாக உள்ளே வைத்த மூல உள்ளடக்கமாக இருக்கும். வேகம்தான் கவலை என்றால், படிக்கும் நூலகத்தை மாற்றிப் பாருங்கள். மொசில்லா தன் நூலகத்தின் படிப்பானை 2018-ல் ரஸ்டில் எழுதி வெப்அசெம்பிளியாக மாற்றியது, நல்ல வேகம் கிடைத்தது. சில வாரங்களிலேயே ஒருவர், பழைய ஜாவாஸ்கிரிப்ட் நிரலையே செதுக்கி அதில் பெரும்பகுதியை எட்டலாம் என்று செய்து காட்டினார். இரண்டில் எதுவும் துண்டுகளைக் குறைத்து வந்ததல்ல.

வெப்அசெம்பிளிக்கும் இதே வடிவமா?

ஆம், ஆனால் அங்கே வெளியீட்டுக்கு வரி கிடையாது. எல்லாம் முதல் வரி. நெடுவரிசை என்பது கோப்பின் பைட் இடம். எனவே தமிழ்க் கேள்வியில் சொன்ன எச்சரிக்கை, வெளியீட்டுப் பக்கத்துக்குத் தலைகீழாகப் பொருந்தும்.

வாடிக்கையாளர் பார்க்கும் தளத்தில் மேப்பை வைக்கலாமா?

மூலத்தை யாரும் படிக்கக் கூடாது என்றால் வைக்காதீர்கள். வெப்பேக்கின் 'ஹிடன்' வகை, மேப்பைத் தயாரிக்கும், ஆனால் வெளியீட்டின் அடியில் அதன் முகவரியை எழுதாது. பிழை சேகரிக்கும் சேவைக்கு மட்டும் அதை அனுப்பிக்கொள்ளலாம்.

எல்லாம் சரிபார்த்துவிட்டேன், என் கணினியில் சரியாக வருகிறது, தளத்தில் மட்டும் தவறு.

நேற்றைய வெளியீடும் இன்றைய மேப்புமாக இருக்கும். உலாவியின் சேமிப்பிலோ, நடுவில் உள்ள சேவையகத்திலோ பழைய கோப்பு தங்கியிருக்கிறது. மேப் மட்டும் புதிதாக வந்துவிட்டது. விலகல் எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கோப்பின் பெயரில் உள்ளடக்கத்தின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியை) சேர்த்து, இரண்டையும் ஒரே பில்டிலிருந்து ஒன்றாக ஏற்றுங்கள். போன மாதம் ஒருவரோடு இரவு பதினொன்று வரை கம்பைலரைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் அவர் உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்தார், பிரேக்பாயிண்ட் சொன்ன வரியில் நின்றது.